கல்லூரிப் பிள்ளைகளுக்கு வீசப்படும் தூண்டில்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து நிதானமாகப் படியுங்கள். வீட்டில் காலேஜ் போகும் பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள். நீங்களே காலேஜில் படிக்கிறவர் என்றால் இரண்டு தடவை படியுங்கள். வகுப்பில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 33 வருடம் பாடம் நடத்தியவள். இந்த ஃபேஸ்புக் கணக்கே ஓய்வுபெற்ற பிறகு என் அண்ணன் மகள் தொடங்கிக் கொடுத்ததுதான். ஆனால் போலி மெசேஜ் அனுப்பி மாணவர்களை ஏமாற்றுகிறவன் கம்ப்யூட்டரைவிடப் பிள்ளைகளின் மனசைத்தான் நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். மனசைப் பற்றி என்றால் எனக்கும் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

இதற்கு ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்று பெயர். மீன் பிடிப்பதைக் குறிக்கும் சொல்லையே எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டார்கள். 1990-களின் நடுவில், அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தின் ஆட்கள் மாதிரி நடித்து, வாடிக்கையாளர்களிடம் பாஸ்வேர்டு கேட்டு மெசேஜ் அனுப்பிய காலத்தில் பரவிய சொல். முப்பது வருடம் ஆகியும் வேலை அதேதான். தூண்டிலில் என்ன இரை மாட்டுவது என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

சமீபத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

அப்பா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். இப்போது கொத்தனார். மகள் வெளியூர்க் கல்லூரியில் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தாள். ஒரு நாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் மெசேஜ். முகப்பில் கல்லூரி முத்திரை. 'உங்கள் உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுள்ளது. வங்கி விவரம் பொருந்தவில்லை. இன்று மாலை 5 மணிக்குள் சரிசெய்யாவிட்டால் விண்ணப்பம் ரத்தாகும்.' கீழே ஒரு லிங்க். அழுத்தினால் ஒரு படிவம். பெயர், பதிவு எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கேட்டிருக்கிறது. நிரப்பிய கால் மணி நேரத்தில் போன். "ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்லேர்ந்து பேசறேம்மா" என்று நல்ல தமிழில், மரியாதையான குரல். ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பர் போட்டீங்கன்னா பணம் ஏறிடும். லைனைக் கட் பண்ணிடாதீங்க, கட் ஆனா மறுபடி முதல்லேர்ந்து வரணும்" என்றிருக்கிறான்.

பின் போட்டாள். பணம் ஏறவில்லை, இறங்கியது. செமஸ்டர் கட்டணத்துக்கு அப்பா போட்டு வைத்திருந்த 18,000 ரூபாய்.

இதுவரை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். என்னை உட்காரவிடாமல் செய்தது அடுத்து நடந்ததுதான். அந்தப் பெண் ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. அறைத்தோழிக்கு மட்டும் தெரியும். வழக்கம்போல் தினமும் வீட்டுக்குப் போன் செய்து "சாப்பிட்டேம்மா" என்று பேசியிருக்கிறாள். கட்டணம் கட்டவில்லை என்று கல்லூரியிலிருந்து அப்பாவுக்குத் தகவல் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பத்தாவது நாள் புகார் கொடுத்தார்கள். பணம் அதற்குள் பல கணக்குகள் மாறி எடுக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார்கள்.

அவர் எனக்குப் போன் செய்து அழுதார். "பணம் போனா போவுது டீச்சர். ஒம்பது நாளு எங்கிட்ட சொல்லாம இருந்திருக்காளே" என்றார். பிறகு பிள்ளையிடம் பேசினேன். "அப்பா வெயில்ல நின்னு சம்பாதிச்ச காசு டீச்சர். எந்த வாயால சொல்றது?" என்றாள்.

அந்த ஒன்பது நாளைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் தூண்டிலை அடையாளம் கண்டுகொள்வது எப்படி என்று பார்ப்போம்.

முன்பெல்லாம் எழுத்துப்பிழையை வைத்தே போலியைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். என்னைப் போல் சிவப்பு மை பேனாவோடு வாழ்ந்தவர்களுக்கு அது சுலபம். இனி அதை நம்பாதீர்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பிழையில்லாத தமிழில், பிழையில்லாத ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தருகிறது. முத்திரையை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். குரலும் மரியாதையும்கூட ஆதாரம் ஆகாது.

"என் பெயர், பதிவு எண், டிபார்ட்மென்ட் எல்லாம் சரியாச் சொன்னானே டீச்சர்" என்று அந்தப் பெண் கேட்டாள். எத்தனை இடத்தில் அதை எழுதியிருக்கிறோம் என்று யோசியுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியல், வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிய பிடிஎஃப், ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த நகல், ஏதோ ஒரு போட்டிக்கு நிரப்பிக் கொடுத்த கூகுள் ஃபார்ம். நம்மைப் பற்றி ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதால் அவன் நம் கல்லூரி ஆள் ஆகிவிட மாட்டான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான்கு கேள்வி சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: நான் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேனோ அதுவே தேடி வந்திருக்கிறதா? மாணவர்கள் எப்போது எதற்குக் காத்திருப்பார்கள் என்பது ரகசியம் இல்லை. அட்மிஷன் சமயத்தில் சீட், அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் உதவித்தொகை, தேர்வு முடிந்தால் ரிசல்ட், கடைசி வருடம் என்றால் இன்டர்ன்ஷிப், வேலை. நூறு பேருக்கு ஒரே மெசேஜ் அனுப்பினால் அதில் சிலர் நிஜமாகவே அதற்குக் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்களுக்கு அது போலி மாதிரியே தெரியாது, பதில் வந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆகவே சந்தோஷமான செய்தி வந்தால்தான் கூடுதலாக நிதானிக்க வேண்டும்.

இரண்டாவது: ஏன் இன்றைக்கே, இந்த மணிக்கே? நிஜமான அலுவலகத்தில் எத்தனை நாள் நடக்க விடுவார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். 'மாலை 5 மணிக்குள்' என்று நம் மேல் இவ்வளவு அக்கறையாக அவசரப்படுத்துகிற அலுவலகத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. யோசிக்க நேரம் கொடுத்தால் நாம் தப்பித்துவிடுவோம் என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது: பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவிடாமல் செய்கிறானா? 'லைனைக் கட் பண்ணாதீங்க', 'இது ரகசியமான தேர்வு', 'மத்த ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்லாதீங்க, சீட் கம்மி'. எந்த வடிவத்தில் வந்தாலும் இதன் அர்த்தம் ஒன்றே. உங்களைத் தனியாக்குகிறான். அங்கேயே போனை வைத்துவிட்டு, ஹாஸ்டல் அறையில் இருக்கும் நால்வரிடமும் உரக்கச் சொல்லுங்கள். நால்வரில் ஒருத்தியாவது "ஏய், இது ஏமாத்து வேலைடி" என்பாள்.

நான்காவது: பணமோ எண்ணோ என்னிடமிருந்து அவனுக்குப் போகிறதா? உதவித்தொகை என்றால் எனக்கு வர வேண்டும். வேலை என்றால் சம்பளம் எனக்கு வர வேண்டும். 'ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்', 'திருப்பித் தரும் டெபாசிட்', 'சரிபார்ப்புக்கு 1 ரூபாய்' என்று என் பக்கத்திலிருந்து நகர ஆரம்பித்தால் நின்றுவிட வேண்டும். ஓடிபியும் பணம்தான். பாஸ்வேர்டும் பணம்தான்.

ஒன்றை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். யுபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும்தான் அதைக் கேட்கும். 'பணம் வரணும்னா பின் போடுங்க' என்று ஒருவன் சொன்னால், அவன் யார் என்று மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. கடையில் க்யூஆர் கோடு ஏன் ஒட்டியிருக்கிறார்கள்? நாம் ஸ்கேன் செய்து கொடுப்பதற்கு. நமக்குக் கொடுப்பதற்கு அல்ல.

இப்போது லிங்க் படிக்கக் கற்றுக்கொள்வோம். கரும்பலகையில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கடித உறையில் முகவரியை நாம் மேலிருந்து கீழே எழுதுவோம். பெயர், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு. தபால் பிரிக்கிறவர் அடியிலிருந்து பார்ப்பார். பின்கோடுதான் கடிதம் எங்கே போகும் என்று தீர்மானிக்கும். பெயர் இருக்கும் வரியில் 'கலெக்டர்' என்று எழுதியிருந்தாலும் பின்கோடு வேறாக இருந்தால் கடிதம் வேறு ஊருக்குத்தான் போகும்.

இணைய முகவரியும் அப்படித்தான். அதை வலது கோடியிலிருந்து படிக்க வேண்டும். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு வந்தால் அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பின்னால் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும்தான் முகவரி. அந்தச் சாய்கோட்டிலிருந்து இடது பக்கமாகப் படித்து வாருங்கள். மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளம் 'ஸ்காலர்ஷிப்ஸ்.கவ்.இன்'. கோடியில் 'கவ்.இன்' என்று முடிகிறது. அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் அந்த முடிவு கிடைக்கும். போலி ஆள் என்ன செய்வான்? 'ஸ்காலர்ஷிப்ஸ்.கவ்.இன்.ஏதோஒன்று.காம்' என்று வைப்பான். இடது பக்கம் பார்த்தால் அரசுத் தளம். கோடியில் பார்த்தால் 'ஏதோஒன்று.காம்'. அவன் வீடு அதுதான். இல்லாவிட்டால் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு போட்டு 'ஸ்காலர்ஷிப்ஸ்-கவ்-இன்.காம்' என்று எழுதுவான். அதுவும் வெறும் '.காம்'தான்.

'ஏசி.இன்', 'இடியு.இன்' என்று முடிபவை கல்வி நிறுவனங்களுக்கு உரியவை. வங்கிகளும் 2025 அக்டோபர் இறுதிக்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. சில தனியார் கல்லூரிகள் '.காம்', '.ஆர்க்' வைத்திருக்கின்றன. அதனால் உங்கள் கல்லூரியின் முகவரியை அட்மிஷன் அன்றே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்றுதான் அந்தப் பூட்டு சொல்கிறது. உள்ளே இருப்பவன் நல்லவன் என்று சொல்லவில்லை. திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு.

இதெல்லாம் தலை சுற்றுகிறது என்றால் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. வந்த லிங்க்கைத் தொடாதீர்கள். நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். அல்லது எழுந்து நடந்து கல்லூரி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். நிஜமான செய்தியாக இருந்தால் அங்கேயும் இருக்கும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அரசின் மாதம் 1000 ரூபாய் திட்டங்களில் இருக்கிறீர்கள். பெண்பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டு 9-ல் தொடங்கியது. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகிறது, பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. நடுவில் யாரும் போன் செய்து க்யூஆர் கோடு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கவும் கட்டணம் கிடையாது.

உதவித்தொகை தவிர வேறு இரைகளையும் சொல்லிவிடுகிறேன்.

'உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, லாகின் செய்து புதுப்பிக்கவும்' என்று கல்லூரி மெயிலுக்கு வரும். திறந்தால் அச்சு அசல் லாகின் பக்கம். பாஸ்வேர்டு போட்டதும் அது அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரிலேயே உங்கள் வகுப்புக்கு மெயில் போகும். இன்ஸ்டாகிராமில் தோழி கணக்கிலிருந்து 'உன் நம்பருக்கு ஒரு கோட் வரும், அனுப்புடி' என்று வருவதும் இப்படித்தான். தோழியின் கணக்கு ஏற்கெனவே திருடு போயிருக்கும். அவளுக்குப் போன் போட்டு, குரலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் ரிசல்ட், கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்று ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் அது படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அது ஒரு ஆப். நிறுவினால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை, ஓடிபியை அவன் அங்கிருந்து படிப்பான். எந்தக் கல்யாணத்துக்கும் ஆப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை.

டெலிகிராமில் பார்ட் டைம் வேலை. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்பார்கள். முதல் நாள் நிஜமாகவே 150, 200 ரூபாய் வரும். அதுதான் புழு. பிறகு 'கொஞ்சம் பணம் போட்டால் இன்னும் பெரிய டாஸ்க்' என்பார்கள். கணக்கில் லாபம் ஏறுவது மாதிரி திரையில் காட்டுவார்கள். எடுக்கப் போனால் 'வரி கட்டு', 'இன்னொரு டாஸ்க் முடி' என்று இழுத்துக்கொண்டே போவார்கள்.

வெளிநாட்டில் படிக்கும் நம் உறவுப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 'ஃபெடரல் ஸ்டூடண்ட் டாக்ஸ்' கட்டவில்லை, போலீஸ் வரும் என்று மாணவர்களை மிரட்டிப் பணம் பிடுங்கினார்கள். அப்படி ஒரு வரியே கிடையாது என்று அந்நாட்டு வருமான வரித் துறை 2016-ல் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. பிரிட்டனில் நேர்மாறாக, 'உங்களுக்கு வரி திரும்பக் கிடைக்கும்' என்று மாணவர்களுக்கு மெசேஜ் வரும். ஒரு ஊரில் பயம், இன்னொரு ஊரில் ஆசை. நான்கு கேள்வியும் அங்கேயும் செல்லும்.

இன்னொரு தூண்டில் இருக்கிறது. அதைப் பற்றி எழுதும்போதுதான் மனசு கனக்கிறது. அந்தப் பெண்ணின் 18,000 ரூபாய் முதலில் போய் விழுந்தது வேறு மாநிலத்தில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவனின் கணக்கில் என்று விசாரணையில் தெரிந்ததாம். 'உன் பேங்க் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் கொஞ்ச நாள் கொடு, 5000 ரூபாய் தருகிறோம்' என்று மாணவர்களைப் பிடிக்கிறார்கள். நாம் ஒன்றும் திருடவில்லையே என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில். கணக்கு முடங்கும், வழக்கு வரும். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அதில் உடந்தை என்று பெயர் வந்தால் வேலைக்குப் போகும்போது யாருக்குப் போய் விளக்கம் சொல்வது? அந்தப் பையனுக்கும் ஏதோ ஒரு ஊரில் ஒரு டீச்சர் அ, ஆ மாதிரி அவன் மொழியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார். வங்கிக் கணக்கு, சிம் கார்டு, ஏடிஎம் கார்டு மூன்றையும் நண்பனுக்குக்கூட வாடகைக்கு விடாதீர்கள்.

சரி, எல்லாம் தெரிந்தும் பணம் போய்விட்டால்?

அழுவதற்கு முன்னால் 1930-க்குப் போன் செய்யுங்கள். இது பணமோசடிக்கென்றே மத்திய உள்துறை வைத்திருக்கும் எண். நீங்கள் சொன்னதும், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அங்கே தகவல் போகும். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். அவன் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் நாம் முந்த வேண்டும். நிமிடக் கணக்கில் நடக்கும் ஓட்டப் பந்தயம் இது. பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். அடுத்து உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு 'சைபர்கிரைம்.கவ்.இன்' தளத்தில் புகாரைப் பதியுங்கள். அவமானமாக இருக்கிறது என்று அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

வங்கி விதியும் தெரிந்திருக்கட்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, நாமே பின், ஓடிபி போன்றவற்றைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரைக்கும் ஆகும் நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. ஆக, சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நம் தலையில்தான் விழுகிறது.

பணம் போன சில நாளில் 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் ஃபீஸ் கட்டுங்கள்' என்றும் ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான். 1930-க்குக் கட்டணம் கிடையாது.

இப்போது அந்த ஒன்பது நாளுக்கு வருகிறேன். இனி எழுதுவது பெற்றோருக்கு.

என் சர்வீஸில் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இப்போது சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அப்பாக்கள் அவசரமாகக் கிறுக்குவார்கள், பிள்ளைகள் அதை நிதானமாக வரைந்திருப்பார்கள். கூப்பிட்டு விசாரித்தால் ஒரு விஷயம் விளங்கும். மார்க் மிகவும் குறைந்த பிள்ளைதான் அப்படிச் செய்யும் என்று இல்லை. முப்பது மார்க் வாங்கியதை நேராகக் கொண்டுபோய் வீட்டில் காட்டிய பிள்ளைகள் உண்டு. அறுபது வாங்கியதை மறைத்த பிள்ளைகளும் உண்டு. மறைப்பதும் காட்டுவதும் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தே இருந்தது.

அந்தப் பெண் வீட்டில் யாரும் அடிக்கிறவர்கள் இல்லை. அப்பா நல்ல மனிதர். ஆனால் 'எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறேன் தெரியுமா' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதை அவள் மனசில் வாங்கி வைத்திருந்தாள். நல்ல பிள்ளை என்பதால்தான் அவளால் சொல்ல முடியவில்லை. பொறுப்பில்லாத பிள்ளையாக இருந்தால் அன்றைக்கே போன் செய்து "அப்பா, காசு போச்சு" என்றிருப்பாள். முதல் ஒரு மணி நேரத்தில் 1930-க்குத் தகவல் போயிருந்தால் பணம் முழுவதும் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். ஒன்பது நாளில் அதுவும் போய்விட்டது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஒன்பது ராத்திரி அந்தப் பிள்ளை ஹாஸ்டலில் தூங்காமல் என்னென்ன நினைத்திருப்பாள்? வெளியூரில் இருக்கும் நம் பிள்ளை அப்படி ஒரு ராத்திரியைத் தனியாகக் கழிக்கக் கூடாது.

அதனால் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. இந்தப் பதிவைப் பிள்ளைக்கு ஃபார்வர்டு செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கு ராத்திரி போன் செய்யும்போது சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, வாயைத் திறந்து இதையும் சொல்லுங்கள்: "கண்ணு, என்னைக்காவது உன்னை யாராவது ஏமாத்திப் பணம் போயிட்டா, முதல் போன் 1930-க்கு. ரெண்டாவது போன் எனக்கு. நான் திட்ட மாட்டேன்." சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும். 'படிச்ச பிள்ளைதானே நீ, இதுகூடத் தெரியாதா?' என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாம் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொன்னவனுக்குப் பயந்து பணத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்குப் போனது. ஏமாற்றுகிறவன் அதை முழுநேரத் தொழிலாகச் செய்கிறான். அவனிடம் பத்தொன்பது வயதுப் பிள்ளை தோற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். என் நம்பர் மாறவில்லை. ராத்திரி பதினோரு மணி ஆனாலும் பரவாயில்லை. உங்கள் அப்பா அம்மா பாதிப் பேருக்கு நான்தான் பாடம் எடுத்தேன், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அந்தப் பெண் இப்போது மூன்றாம் செமஸ்டர் தேர்வு எழுதிவிட்டாள். அவள் ஹாஸ்டல் அறைக் கதவின் உட்பக்கம் பெரிய எழுத்தில் 1930 என்று எழுதி ஒட்டியிருக்கிறாளாம். பக்கத்து அறைகளிலும் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு இப்படி ஏதாவது மெசேஜ் வந்திருந்தால் கீழே எழுதுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும். எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்